ஒட்டிய கியூஆர் கோடு அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் ஆவணத்தை மட்டும் மாற்றுவது எப்படி? கோயில், பள்ளி, சங்கங்களுக்கான கேள்வி பதில்கள்

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா, அதாவது ஊரார் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. இங்கே மாரியம்மன் கோயில் திருவிழா என்றாலும் சரி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அறிக்கை என்றாலும் சரி, தாள் அச்சுக்குப் போன மறுநாள் ஏதாவது ஒன்று மாறும். உபயக்காரர் ஒருவர் நாளை மாற்றிக் கேட்பார், மேளக்காரர் வரும் நேரம் தள்ளிப்போகும், பள்ளி வேன் வேறு வழியில் போகும். நோட்டீஸில் ஒரு கியூஆர் கோடு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். தீரும், ஆனால் போடுகிற விதத்தில் போட வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கும் இந்த வேலையைச் செய்து தருகிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கியூஆர் கோட்டுக்குள் என்னதான் இருக்கிறது? நம் நோட்டீஸே அதற்குள் இருக்கிறதா?

இல்லை. அதற்குள் இருப்பது வெறும் எழுத்துகள்தான். 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ள இதை உருவாக்கியது. மிகப் பெரிய கோட்டில்கூட 2,953 பைட்டுக்கு மேல் கொள்ளாது. ஒரு தமிழ் எழுத்து குறைந்தது மூன்று பைட் எடுக்கும், கொம்பும் புள்ளியும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆக, அரைப்பக்க நோட்டீஸ் உள்ளே போனாலே பெரிது. படம் போட்ட பிடிஎஃப் போகவே போகாது.

அதனால்தான் நாம் ஆவணத்தை இணையத்தில் ஒரு இடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தின் லிங்கை மட்டும் கோட்டில் போடுகிறோம். வீட்டு வாசலில் எண் பலகை மாட்டுவது போலத்தான் இது. பலகை அப்படியே இருக்கும், உள்ளே சாமான்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம்.

அப்படியென்றால் அச்சடித்த கோட்டை மாற்றவே முடியாதா?

முடியாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் எந்த லிங்க் பதிந்ததோ அதுதான் கடைசி வரை. ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த லிங்க் நம் கையில் இருக்கிறதா, நாளைக்கும் இருக்குமா? கோட்டின் அழகு, நிறம், நடுவில் வைக்கும் அம்மன் படம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

'டைனமிக் கியூஆர்' என்று சில தளங்களில் தருகிறார்களே, அதை வாங்கினால் போதாதா?

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். டைனமிக் கோட்டுக்குள் உங்கள் ஆவணத்தின் லிங்க் இருக்காது. அந்தத் தளத்தின் குட்டி லிங்க் ஒன்றுதான் இருக்கும். ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர்கள் தளத்துக்குப் போவார், அங்கிருந்து உங்கள் ஆவணத்துக்குத் திருப்பி விடுவார்கள். எங்கே திருப்புவது என்பதை நீங்கள் உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம். வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் வழியில் வேறு ஒருவர் நிற்கிறார். பல தளங்கள் முதல் சில நாட்களுக்கு இலவசம் என்று சொல்லிக் கோடு கொடுக்கும். அந்தக் காலம் முடிந்ததும் கோடு செத்துப்போகும், அல்லது 'சந்தா கட்டுங்கள்' என்ற பக்கம் வரும். அதற்குள் நீங்கள் ஐந்நூறு அழைப்பிதழ் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருப்பீர்கள். தளமே மூடிப்போவதும் உண்டு. கூகுளே நடத்திய சுருக்க லிங்க் சேவையை மூடப்போவதாக 2018-ல் அறிவித்து, 2019-ல் புதிய லிங்க் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கைவிடும்போது பெயர் தெரியாத தளத்தை நம்பித் திருவிழா பெனர் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சந்தா கட்டி, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒருவர் பொறுப்பெடுத்தால் பயன்படுத்துங்கள். கோயிலுக்கோ பள்ளிக்கோ சொந்த இணையத்தளம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அந்த முகவரியைக் கோட்டில் போட்டுவிடுங்கள். இரண்டும் இல்லாதவர்கள் அடுத்த பதிலைப் பாருங்கள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும்.

காசு செலவில்லாமல் செய்யும் வழி என்ன?

ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் டிரைவ் இருக்கிறது. பிடிஎஃப் கோப்பை அதில் ஏற்றுங்கள். பகிரும் இடத்தில் 'லிங்க் உள்ள எவரும்' என்பதையும், 'பார்க்க மட்டும்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். லிங்கை எடுத்துக் கோடு செய்யுங்கள். கோடு செய்யத் தனித் தளம்கூட வேண்டாம். குரோம் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பகிர் என்ற இடத்தில் கியூஆர் கோடு உருவாக்கு என்று கொடுத்தால் நடுவில் சின்ன டைனோசர் படத்தோடு ஒரு கோடு வரும். அதற்குக் காலாவதி கிடையாது. அந்த லிங்க் உயிரோடு இருக்கும்வரை கோடும் வேலை செய்யும்.

சரி, இப்போது தேதி மாறிவிட்டது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய கோப்பை அழித்துவிட்டு, திருத்திய கோப்பை அதே பெயரில் மறுபடி ஏற்றுவார்கள். பெயர் ஒன்றுதானே, லிங்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. டிரைவில் கோப்பை அடையாளம் காட்டுவது பெயர் அல்ல, லிங்கில் இருக்கும் நீளமான எழுத்துக் கோவை. புதிதாக ஏற்றிய கோப்புக்குப் புதிய கோவை வந்துவிடும். கோடு பழைய கோவையைத்தான் தேடிப்போகும், புதிய கோப்பு திறக்காது.

சரியான முறை இது. கணினியில் டிரைவைத் திறந்து, பழைய கோப்பின் மேல் வைத்து மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். கோப்பின் தகவல் என்ற வரிக்குள் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' இருக்கும். அதில் 'அப்லோட் நியூ வெர்ஷன்' கொடுத்துத் திருத்திய பிடிஎஃபைத் தேர்ந்தெடுங்கள். லிங்க் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறும். பழைய பதிப்பு 30 நாள் அங்கேயே கிடக்கும், தவறான கோப்பை ஏற்றிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமானால் 'எப்போதும் வைத்திரு' என்பதைக் கொடுத்துவிடுங்கள்.

திருவிழா நேரத்தில் தினம் இரண்டு தடவை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் பிடிஎஃப் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த மாதிரி விஷயத்துக்குக் கூகுள் டாக்ஸ் நல்லது. ஆவணத்தை அதிலேயே தட்டச்சு செய்துவிட்டால், கைப்பேசியிலிருந்தே திருத்தலாம், திருத்தியது உடனே எல்லோருக்கும் தெரியும். இரவு தேர் ஊர்வலம் மழையால் தள்ளிப்போனால், கோயில் வாசலில் நின்றபடியே ஒரு வரியை மாற்றிவிடலாம்.

டாக்ஸ் லிங்கை அப்படியே போட்டால் சிலருடைய கைப்பேசி செயலியை இறக்கச் சொல்லித் தொந்தரவு செய்யும். லிங்கின் கடைசிப் பகுதியில் எடிட் (edit) என்று வரும் சொல்லையும் அதற்குப் பின் இருப்பதையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆங்கிலத்தில் பிரிவியூ (preview) என்று போட்டு, அந்த லிங்குக்குக் கோடு செய்யுங்கள். பார்ப்பவருக்குப் பக்கம் மட்டும் தெரியும்.

பிடிஎஃபா டாக்ஸா என்று கேட்டால், அழகாக வடிவமைத்த அழைப்பிதழுக்குப் பிடிஎஃப், நேரப் பட்டியலுக்கும் உபயப் பட்டியலுக்கும் டாக்ஸ்.

ஒரு ஃபோல்டருக்கே கோடு போட்டுவிட்டால்?

போடலாம், ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாதத்தில் 'அட்டவணை புதியது', 'அட்டவணை இறுதி', 'அட்டவணை இறுதி 2' என்று சேர்ந்துவிடும். ஸ்கேன் செய்த அக்கா எதைத் திறப்பார்? முதலில் கண்ணில் பட்டதைத்தான். ஃபோல்டர் வைத்தால் நடப்பில் உள்ள கோப்பு மட்டும் அதில் இருக்கட்டும், பழையதை எல்லாம் பகிராத வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். பள்ளியின் மாதச் சுற்றறிக்கைகளுக்கு இது பொருந்தும், திருவிழாவுக்கு வேண்டாம்.

ஸ்கேன் செய்தால் 'அனுமதி கேளுங்கள்' என்று வருகிறது.

பகிர்வு இன்னும் பூட்டியிருக்கிறது. உங்கள் கைப்பேசியில் திறக்கும், ஏனென்றால் கணக்கே உங்களுடையது. அதனால் சோதிக்கும்போது வீட்டில் வேறு ஒருவருடைய கைப்பேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை, பிரிண்டிங் கடையில் மாதிரித் தாள் வந்ததும் ஒரு தடவை.

கோப்பை யாருடைய ஜிமெயிலில் வைப்பது? எங்கள் செயலாளருடைய கணக்கில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் நான் ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்த வேண்டுமென்றால் இதைத்தான் வற்புறுத்துவேன். தனி ஆளின் கணக்கில் வைக்காதீர்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும், நிர்வாகம் மாறும். பழைய செயலாளர் மனவருத்தத்தோடு போனாலும் சரி, மகளோடு ஜொகூருக்குக் குடிபோனாலும் சரி, கோப்பும் அவரோடு போய்விடுகிறது. கோயில் முகப்பில் ஒட்டிய கோடு அவருடைய சொந்த ஜிமெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, திருத்த யாராலும் முடியவில்லை. அவர் தம் குடும்பப் படங்களுக்கு இடம் போதவில்லை என்று டிரைவைச் சுத்தம் செய்தால் கோடும் போச்சு. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைப்பின் சாமானை அவர் வீட்டில் வைக்கச் சொன்னது நாம்தான்.

கோயிலின் பெயரில், பள்ளிச் சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு திறங்கள். இலவசமாக 15 ஜிபி கிடைக்கும், நோட்டீஸ்களுக்கு அது தாராளம். கடவுச்சொல் தலைவர், செயலாளர் என்று குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். மீட்பு எண்ணாகக் கோயில் அலுவலகக் கைப்பேசியின் எண்ணைக் கொடுங்கள், பிரிபெய்ட் என்றால் டாப்அப் விட்டுப்போய் எண் செத்துவிடாமல் பாருங்கள். கணக்கைத் திறக்க உதவும் மாற்றுக் குறியெண்களை அச்சடித்து, வங்கிப் புத்தகம் இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். நிர்வாகம் மாறும்போது சாவி, முத்திரை, காசோலைப் புத்தகம் ஒப்படைக்கும் பட்டியலில் இந்தக் கணக்கும் ஒரு வரியாக இருக்கட்டும், புதியவர்கள் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றட்டும்.

இன்னொன்று. இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கை அழித்துவிடும் உரிமை தனக்கு உண்டு என்று கூகுள் விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழாவாவது உள்ளே போய்ப் பாருங்கள்.

எல்லா ஆவணத்தையும் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. நேரம், இடம், பட்டியல், தொடர்பு எண் போன்றவை மாறட்டும். ஆனால் கணக்கறிக்கை, கூட்டக் குறிப்பு, சங்கச் சட்டவிதி இவையெல்லாம் உறுப்பினர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டவை. சங்கப் பதிவிலாகாவுக்கு ஒரு கணக்கு போயிருக்க, கோட்டுக்குப் பின்னால் வேறு ஒன்று சத்தமில்லாமல் மாறியிருந்தால், நியாயமான திருத்தமாகவே இருந்தாலும் ஊரில் பேச்சு வரும். பேச்சு வந்தால் அதில் தவறும் இல்லை. காசு கொடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

இத்தகைய ஆவணங்களுக்குத் தேதியோடு தனிக் கோப்பு, தனிக் கோடு போடுங்கள். திருத்தம் வந்தால் பழையதை அப்படியே விட்டுவிட்டு, 'திருத்திய கணக்கு' என்று இன்னொரு கோப்பாக வையுங்கள், என்ன மாறியது என்று மேலே இரண்டு வரி எழுதுங்கள்.

புதியதை ஏற்றியாச்சு. வாட்ஸ்அப்பில் இன்னும் பழையதுதான் சுற்றுகிறது. ஏன்?

யாரோ பிடிஎஃபை இறக்கி, கோப்பாகவே குழுவில் போட்டிருப்பார். அது தனிப் பிரதி, நீங்கள் டிரைவில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். தடுக்க முடியாது, ஆனால் பழையது பழையதென்று காட்டிக்கொடுக்கும்படி செய்யலாம். ஆவணத்தின் முதல் வரியிலேயே 'கடைசியாகத் திருத்தியது: 12 ஜூலை, இரவு 9 மணி' என்பதுபோல் தேதியும் நேரமும் போடுங்கள், பெரிய எழுத்தில். குழுவில் அனுப்பும்போது கோப்பாக அனுப்பாமல் லிங்கை அனுப்புங்கள். தாளிலும் கோட்டுக்குக் கீழே 'மாற்றம் இருந்தால் இங்கே தெரியும்' என்று எழுதிவிட்டால், பார்க்கிறவர்களுக்கு மறுபடி ஸ்கேன் செய்யத் தோன்றும்.

அச்சில் என்ன கவனிக்க வேண்டும்? எங்கள் அழைப்பிதழில் கோடு வேலை செய்யவில்லை.

கல்யாணப் பத்திரிகை போல மெரூன் தாளில் தங்க மையால் கோடு அடித்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கேமராவுக்குப் பிடிக்காது. வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம், அதுதான் பாதுகாப்பு. மஞ்சள் தாள் என்றால் கறுப்பில் அடியுங்கள். சுற்றிலும் நான்கு கட்டம் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள், கோலக் கரை அதை ஒட்டி வரக்கூடாது. மடிப்பு விழும் இடத்திலும் வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். கையில் பிடிக்கும் தாளுக்கு மூன்று சென்டிமீட்டர் போதும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பெனருக்கு முப்பது சென்டிமீட்டர் வேண்டும். லிங்கின் நீளமும் முக்கியம். டிரைவ் லிங்க் சுமார் 80 எழுத்து வரும், அதற்கு 37க்கு 37 கட்டம் தேவைப்படும். 25 எழுத்தில் ஒரு லிங்க் இருந்தால் 25க்கு 25 கட்டத்தில் முடிந்துவிடும், கட்டங்கள் பெரிதாகத் தெரியும்.

வெளியே ஒட்டுவதானால் பிழைதிருத்த அளவை 'எச்' என்று வையுங்கள். சுமார் 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்கும். நம் ஊர் வெயிலும் மழையும் தாளை விட்டுவைக்காது. லெமினேட் செய்தால் பளபளப்பில்லாத தாளாகக் கேளுங்கள், பளபளப்பு வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும்.

தோட்டத்துக்குள் கைப்பேசி லைன் சரியாக இல்லை. எங்க அம்மாவிடம் ஸ்மார்ட்போனும் இல்லை.

இந்தப் பக்கம் 1917-லேயே செம்பனை நட்ட ஊர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் இங்கேதான் இருக்கிறது. தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியைத் தாண்டி மரங்களுக்கு நடுவே போனால் கைப்பேசி லைன் ஒரே பட்டைக்கு இறங்கிவிடும். அதனால் பக்கத்துக்குப் பக்கம் படம் வைத்த கனமான பிடிஎஃப் வேண்டாம். ஒரு எம்பிக்குள் அடக்கப் பாருங்கள்.

முக்கியமாக, கோடு போட்டோம் என்பதற்காகத் தாளில் உள்ளதைக் குறைக்காதீர்கள். நாள், இடம், விசாரிக்க ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் தாளிலேயே எழுத்தில் இருக்கட்டும். மாறினால் கோயில் அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டுங்கள், தோட்டத்து வீடுகளுக்கு ஒருவரை அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுதும் கோயிலுக்குத் தொண்டு செய்த அம்மாக்களுக்குத் தீமிதி நேரம் தெரியாமல் போனால் அது நம் குறை.

உபயக்காரர் பெயர், எண், மாணவர் பட்டியல் எல்லாம் போடலாமா?

உபயக்காரர் பெயரும் நாளும் போடலாம், அவர்கள் சம்மதித்தால். கைப்பேசி எண், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி வேண்டாம். பிள்ளைகளின் பட்டியல் வேண்டவே வேண்டாம். 'லிங்க் உள்ள எவரும்' என்றால் எவரும்தான், கோட்டைப் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அடுத்தவர் பிள்ளையின் விவரத்தைச் சுவரில் ஒட்டக்கூடாது.

நன்கொடைக்கான டியூட்நவ் கோட்டையும், அதாவது கைப்பேசியில் பணம் அனுப்பும் கோட்டையும் பக்கத்திலேயே போடலாமா?

ஒரே இடத்தில் இரண்டு கோடு இருந்தால் மக்கள் குழம்புவார்கள். பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எது எதற்கென்று தமிழில் எழுதுங்கள். பொது இடத்தில் ஒட்டிய கோட்டின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிக் காசைத் திருப்பும் மோசடியும் நடக்கிறது. நிர்வாகத்தில் ஒருவர் அடிக்கடி விரலால் தடவிப் பார்க்கட்டும். பணம் அனுப்புகிறவர்கள், உறுதி செய்யும் முன் திரையில் வரும் பெயர் கோயிலின் பெயர்தானா என்று பார்க்கட்டும்.

பழைய தமிழ் எழுத்துருவில் செய்த கோப்பு டாக்ஸில் புரியாத எழுத்தாக வருகிறதே?

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அப்படித்தான் வரும். எழுத்துருவை உள்ளே பதித்து, பிடிஎஃபாகச் சேமித்து ஏற்றுங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அதற்குப் போதும்.

நூற்றுக்கணக்கில் ஒட்டியாச்சு. இப்போது கோடு திறக்கவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் டிரைவின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். அழித்த கோப்பு 30 நாள் அங்கே இருக்கும். மீட்டெடுத்தால் அதே லிங்கோடு திரும்பி வரும், கோடும் மறுபடி வேலை செய்யும். பிறகு புதிய பதிப்பை அதன் மேலேயே ஏற்றிவிடுங்கள். பகிர்வு பூட்டியிருந்தால் திறந்துவிட்டாலே போதும். தனி ஆளின் கணக்கில் இருந்தால் அவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலானோர் செய்து கொடுத்துவிடுவார்கள்.

டைனமிக் தளத்தின் சந்தா முடிந்ததால் நின்றிருந்தால், திருவிழா முடியும்வரை ஒரு மாதக் கட்டணம் கட்டுவது மறுபடி அச்சடிப்பதைவிட மலிவா என்று கணக்குப் பாருங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால், பழைய கோட்டைவிடச் சற்றுப் பெரிய அளவில் ஸ்டிக்கர் தாளில் புதிய கோடு அடித்து, பழையது கொஞ்சமும் வெளியே தெரியாதபடி மேலே ஒட்டுங்கள். கோயில் முகப்பு, பள்ளி வாசல், சாப்பாட்டுக்கடைப் பலகை ஆகிய மூன்று இடத்தையும் முதலில் முடியுங்கள். வீடுகளுக்குப் போன அழைப்பிதழ்களுக்குப் புதிய லிங்கை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிடுங்கள்.